பெர்மெத்ரின் நச்சு, உண்ணிக் காய்ச்சல், தெள்ளுப்பூச்சி: ஜெலுத்தோங் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்நிகழ்வு ஆய்வு பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வளர்ப்பு விலங்குகளைப் பற்றியது. ஒரு நாய், ஒரு வளர்ந்த பூனை, ஒரு பூனைக்குட்டி ஆகிய மூன்றும் அடுத்தடுத்த நாள்களில் எங்கள் கிளினிக்குக்கு வந்தன. பூனைக்கு, நாய்களுக்கான உண்ணி மருந்தில் உள்ள பூச்சிக்கொல்லியான பெர்மெத்ரினால் நச்சேறியிருந்தது. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். குட்டிக்குத் தெள்ளுப்பூச்சிகள் குடித்த இரத்தத்தால் சோகை. மூன்றுக்கும் வேர் ஒன்றே. அக்குடும்பத்தார் அலட்சியமானவர்கள் அல்லர். உண்ணியை ஒழிக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் தோலில் விடும் சொட்டு மருந்தை வாங்கினார்கள். ஆனால் அந்த மருந்து நாயை மட்டும் மனத்தில் வைத்து வாங்கப்பட்டது. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில், எந்த விலங்கு எளிதில் பாதிக்கப்படுமோ அதை முன்னிறுத்தித்தான் முழு வீட்டுக்குமான மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வீடும் விலங்குகளும்

பாட்டி, அவருடைய மகன், மருமகள், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் என வீட்டில் ஐவர். அது அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வரிசை வீடு. முன்புறத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான அஞ்சடி, அதாவது கூரையிட்ட நடைபாதை, ஓடுகிறது. ப்ளாக்கி என்ற ஐந்து வயது நாட்டு நாய், எடை 16 கிலோ, பகல் முழுவதும் அந்த அஞ்சடியில் படுத்திருக்கும். இரவில் சமையலறைக்குச் செல்லும் நடையில் ஒரு பழைய சாக்கின் மேல் உறங்கும். அதே சாக்கில் நாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு உறங்குவது சிட்டு என்ற 3.5 கிலோ எடையுள்ள பெண் பூனையின் வழக்கம். மூன்றாவது விலங்கு, பிள்ளைகள் சந்தைக்கு அருகிலிருந்து தூக்கி வந்த, சுமார் பத்து வார வயதுடைய, 800 கிராம் எடையே இருந்த குட்டி.

ப்ளாக்கியின் மேல் பல மாதங்களாகவே உண்ணி இருந்து வந்தது. பாட்டி வேப்பிலை கொதித்த நீரால் குளிப்பாட்டினார். மகன் சனிக்கிழமைதோறும் உண்ணி ஷாம்பு போட்டார். பிள்ளைகள் காது மடலிலிருந்து உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய் டின்னில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் குறைந்தது போலத் தோன்றி, மறுபடியும் ஏறிவிடும். குளிர்நாட்டுக் கையேடுகள் சில, வெயில் மாதங்களில் மட்டும் மருந்து போட்டால் போதும் என்று சொல்வதுண்டு. பினாங்கில் அந்தக் கணக்கு செல்லாது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓய்வுக் காலம் என்று எதுவும் இங்கே இல்லை.

பூனைக்கு நேர்ந்தது

முதலில் வந்தது சிட்டுதான். இரவு பத்து மணியளவில் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். “டாக்டர், பூனை உடம்பெல்லாம் உதறுது. காது துடிக்குது, கால உதறி உதறி நடக்குது, தொட்டாலே துள்ளுது” என்றார். புதிதாக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டபோது, சற்றுத் தயங்கிவிட்டு, “காலைல நாய்க்கு முதுகுல மருந்து விட்டோம். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு பூனைக்கும் விட்டோம்” என்றார். பூனையைத் துண்டில் சுற்றி உடனே கொண்டுவரும்படியும், காலியான மருந்துக் குழாயைக் குப்பையிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவரும்படியும் சொன்னேன்.

அந்தக் குழாய்தான் நோயைச் சொன்னது. சுண்டு விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். அதன் மேல் மிகச் சிறிய எழுத்தில் 10 முதல் 25 கிலோ வரையுள்ள நாய்களுக்கு என்றும், 2.5 மில்லிலிட்டர் என்றும், இமிடாகுளோபிரிட், பெர்மெத்ரின் என்ற இரண்டு மருந்துகளின் பெயரும் இருந்தன. பூனைக்குப் போடக் கூடாது என்று பெரிதாக எழுதி, குறுக்குக் கோடிட்ட பூனைப் படமும் அச்சிட்ட அட்டைப் பெட்டி அவர்களுடைய வீட்டுக்கு வரவே இல்லை. கடையில் பெட்டியைப் பிரித்து, குழாய்களைத் தனித்தனியாக விற்றிருக்கிறார்கள். விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதால் இப்படி வாங்குவோர் பலர். எச்சரிக்கை முழுவதும் பெட்டியிலும் உள்ளிருக்கும் தாளிலும்தான் இருக்கிறது என்பதால், தனிக் குழாயாக விற்பதை நான் வெறும் வணிகப் பழக்கமாகக் கருதவில்லை; நஞ்சை எச்சரிக்கையில்லாமல் கையில் கொடுப்பதாகவே கருதுகிறேன்.

கணக்கு எளிது. இவ்வகை நாய் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம் பெர்மெத்ரின் இருக்கிறது. சிட்டுவின் மேல் விடப்பட்டது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்று மருமகள் காட்டிய அளவிலிருந்து தெரிந்தது. 3.5 கிலோ எடைக்கு அது கிலோவுக்கு 140 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பூனைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது. நாய்க்கு மிஞ்சிய சில சொட்டுகள் என்று எண்ணியது பூனைக்கு முழு நச்சு அளவு.

நாய் தாங்கிக்கொள்ளும் மருந்தைப் பூனை தாங்காததற்குக் காரணம் ஈரலில் இருக்கிறது. பல வேதிப்பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஆகவே பெர்மெத்ரின் உடலில் தங்கி, நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது, நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது, தசை நடுங்குகிறது, நடுக்கத்தால் உடல் சூடேறி, வலிப்பு வருகிறது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும், ஃபீனால் கலந்த தரை துடைக்கும் திரவங்கள் பூனைக்கு ஆகாது என்பதற்கும் இதே குறைபாடுதான் பெரும்பங்கு. பூனையைச் சிறிய நாயாக எண்ணி அளவை மட்டும் குறைத்தால் போதும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

கிளினிக்குக்கு வந்தபோது சிட்டுவின் உடல் வெப்பம் 40.4 டிகிரி செல்சியஸ், கண்மணிகள் விரிந்திருந்தன, தொட்டாலும், கதவு மூடும் ஓசை கேட்டாலும் உடல் முழுவதும் உதறியது. முதல் வேலை நடுக்கத்தை அடக்குவது. நடுங்கிக்கொண்டிருக்கும் பூனையை உடனே தண்ணீரில் இறக்கினால் அச்சத்தாலும் குளிராலும் நிலைமை மோசமாகும். இரத்த நாளம் வழியாக, வலிப்பை அடக்கும் டயசிபாமும், பிறகு தசைத் தளர்த்தியான மெத்தோகார்பமாலும் கொடுத்தோம். மெத்தோகார்பமாலின் ஒரு நாள் மொத்த அளவு கிலோவுக்கு 330 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால் ஒவ்வொரு தவணையையும் எழுதி வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தோம். உதறல் தணிந்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வெதுவெதுப்பான நீரில் கழுத்தையும் முதுகையும் திரும்பத் திரும்பக் கழுவினோம். வெந்நீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கூட்டும். ஆகவே நீரின் பதம் இங்கே சிறிய விஷயமன்று. சாதாரண விலங்கு ஷாம்புவைவிடப் பாத்திரம் கழுவும் திரவமே எண்ணெய்ப் பசையான இம்மருந்தை நன்றாக அகற்றுகிறது.

பெர்மெத்ரின் கொழுப்பில் கரைவது என்பதால், 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை முதலில் கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் வீதமும், தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிலிட்டர் வீதம் அரைமணி நேரமும் இரத்த நாளத்தில் ஏற்றினோம். உடல் வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்திவிட்டோம், ஏனென்றால் நடுக்கம் நின்ற பூனை அதன் பிறகு தானாகவே வேகமாகக் குளிர்ந்துவிடும். அட்ரோபின் போடவில்லையா என்று பயிற்சியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. அது ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறொரு பூச்சிக்கொல்லி வகையின் நச்சுக்கு உரியது. பெர்மெத்ரினுக்கு அதனால் பயனில்லை. இருட்டான, அமைதியான கூண்டில் வைத்திருந்தோம். மறுநாள் மாலை காதுத் துடிப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அதற்கும் அடுத்த நாள் தானாக உண்ணத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம்.

அனுப்பும்போது சொன்னது இதுதான். சிட்டுவின் மேல் ஒரு சொட்டுக்கூட விடாமல் இருந்திருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்கியிருக்காது. மருந்து காயாத நாயின் முதுகை நக்கியோ, அதோடு ஒட்டி உறங்கியோ பூனைகள் நச்சேறி வந்த நிகழ்வுகள் உண்டு. நாயும் பூனையும் ஒரே சாக்கில் உறங்கும் வீட்டில், காயும் வரை பிரித்து வையுங்கள் என்ற அறிவுரை தாளில் நன்றாக இருக்கும், நடைமுறையில் நிற்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பெர்மெத்ரின் சொட்டு மருந்தே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. உண்ணி கடிப்பதற்கு முன்பே அதை விரட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. நாய் மட்டுமே இருக்கும் வீட்டில் அது பெரிய நன்மை. பூனை இருக்கும் வீட்டில் அந்த நன்மைக்குக் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம்.

நாயின் காய்ச்சல்

சிட்டுவைப் பார்க்க வந்த மகன், நாயும் இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லை என்றும், காலையில் ஒரு மூக்குத் துளையிலிருந்து இரத்தம் கசிந்தது என்றும் போகிறபோக்கில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாயை அன்றே அழைத்துவரச் சொன்னோம். ப்ளாக்கிக்கு 39.9 டிகிரி காய்ச்சல். ஈறிலும் அடிவயிற்றுத் தோலிலும் ஊசி முனை அளவு இரத்தப் புள்ளிகள். காது மடலின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்குகளிலும் இரத்தம் குடித்துச் சாம்பல் நிறமாக உப்பிய பெண் உண்ணிகள். இரத்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 41,000 மட்டுமே. நலமுள்ள நாயில் அது ஏறத்தாழ 200,000-க்கு மேல் இருக்க வேண்டும். எர்லிகியா கேனிஸ் என்ற நுண்ணுயிருக்கான எதிர்ப்பொருள் சோதனை நேர்மறையாக வந்தது.

இந்நோயைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், உணவோடு, 28 நாள் கொடுக்கத் தொடங்கினோம். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி நாய் வாலாட்டியது. அந்தத் தெளிவைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு என்பதால், முழுத் தவணையையும் பாட்டியின் பொறுப்பில் விட்டோம். அவர் தம் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே நாயின் மாத்திரையையும் வைத்துத் தவறாமல் கொடுத்தார். எதிர்ப்பொருள் சோதனை குணமான பின்பும் பல மாதங்கள் நேர்மறையாகவே காட்டக்கூடும். ஆகவே குணத்தை அளக்கத் தட்டணு எண்ணிக்கையைத்தான் நம்பினோம்.

ஒரு கேள்வியை மகன் வருத்தத்தோடு கேட்டார்: “மருந்து போட்ட பிறகும் எப்படி டாக்டர் உண்ணி ஏறுது?” விசாரித்தபோது காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மருந்து விட்ட அன்று காலையில்தான் நாயை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தார்கள், மறுநாளும் குளிப்பாட்டினார்கள். தோலின் எண்ணெய்ப் படலத்தில் பரவி நிற்க வேண்டிய மருந்துக்குப் பரவ எண்ணெய்யே இல்லை. முடியை விலக்கித் தோலில் விடாமல் முதுகு முடியின் மேல் விட்டதால் பாதி மருந்து முடியிலேயே காய்ந்தது. 16 கிலோ நாய்க்கு முழுக் குழாயும் வேண்டியிருக்க, ஒன்றரை மில்லிலிட்டர்தான் அதன் பங்குக்குக் கிடைத்தது. முன்பு வாங்கிய மருந்தையும் மாதந்தோறும் போடாமல், உண்ணி கண்ணில் பட்டால் மட்டும் போட்டு வந்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகு அந்த மருந்து பலிக்கவில்லை என்று சொல்வது மருந்துக்குச் செய்யும் அநீதி.

குட்டி

குட்டியின் நிலையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஈறு வெள்ளைத்தாள் போல் வெளுத்திருந்தது. தெள்ளுச் சீப்பால் முதுகை ஒரு முறை வாரியதும் மிளகுத் தூள் அளவிலான கருந்துகள்கள் உதிர்ந்தன. அவற்றை ஈரமான வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்ததும் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வட்டம் படர்ந்தது. அது மண் அல்ல. தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது குட்டியின் செரித்த இரத்தம். இந்தப் பஞ்சுச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். குட்டியின் இரத்தத்தில் சிவப்பணு விகிதம் 17 சதவீதம் மட்டுமே. இரத்தம் ஏற்றாமல் சமாளித்தோம். வாலடியில் ஒட்டியிருந்த அரிசி போன்ற துணுக்குகள் நாடாப்புழுவின் கண்டங்கள்; தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது. பூச்சியை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் அது திரும்பிவிடும்.

வீட்டில் கண்டது

வீட்டைப் பார்க்காமல் மேற்கொண்டு மருந்து எழுத எனக்கு மனமில்லை. குடும்பத்தார் தரையை நாள்தோறும் பெருக்கித் துடைப்பவர்கள். தரையில் எதுவும் இல்லை. அஞ்சடியின் சுவரில், கண் மட்டத்துக்கும் மேலே, பழைய நாள்காட்டி ஒன்று ஆணியில் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடித்து டார்ச் அடித்தபோது, பூச்சு பிளந்த இடத்தில் முட்டையிட்டு முடித்துச் சுருங்கிய பெண் உண்ணி ஒன்றும், அதன் முன்னால் கரும்பழுப்பாகப் பளபளத்த முட்டைக் குவியலும், சற்று மேலே விட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் புள்ளி அளவிலான ஆறுகால் இளம்புழுக்கள் நூற்றுக்கணக்கிலும் இருந்தன. பிள்ளைகள் பின்வாங்கிவிட்டார்கள். பாட்டி மட்டும் அருகில் வந்து உற்றுப் பார்த்து, “இத்தன நாளா கீழயே தேடினோமே தம்பி” என்றார்.

பாட்டி சொன்னது பழுப்பு நாய் உண்ணியின் இயல்பை அப்படியே விளக்குகிறது. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் மேல்நோக்கி ஏறி, பிளவில் ஒளிந்து, சில ஆயிரம் முட்டைகள் வரை இடும். இளம்புழு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவங்களிலும் அது நாயையே நாடும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் இறங்கி இடுக்கில் பதுங்கும். புல்வெளியோ காடோ அதற்குத் தேவையில்லை. ஒரு நாயும் ஒரு பிளந்த சுவரும் போதும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். உணவில்லாமலும் வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேல் உயிர்பிடித்திருக்கும்.

தெள்ளுப்பூச்சியின் வழி வேறு. பூனைத் தெள்ளு என்று அழைக்கப்பட்டாலும் நாயையும் பெரும்பாலும் கடிப்பது அதுவே. வளர்ந்த பூச்சி விலங்கின் மேலேயே தங்கும். ஆனால் நாளொன்றுக்கு 40, 50 என அது இடும் முட்டைகள் உருண்டு விழுந்து சாக்கிலும் சோபா இடுக்கிலும் சேரும். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுத் தொகையில் விலங்கின் மேல் நாம் காணும் வளர்ந்த பூச்சிகள் சுமார் 5 சதவீதந்தான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கின்றன. இவற்றில் கூட்டுப்புழுவே கடினமானது. பசை போன்ற கூட்டில் தூசியைப் போர்த்திக்கொண்டு, எந்தத் தெளிப்பு மருந்துக்கும் அசையாமல், சில மாதங்கள்கூடக் காத்திருந்து, அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே துள்ளும். பாட்டியின் கணுக்காலில் வரிசையாக இருந்த தடிப்புகளுக்குக் காரணம் கொசு அல்ல என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மருந்துத் தேர்வு

தேர்வைக் குட்டியிலிருந்து தொடங்கினோம், வீட்டில் மிகவும் பலவீனமான உயிர் அதுதான். ஃபிப்ரோனில் கலந்த பூனைச் சொட்டு மருந்துகள் பலவற்றுக்கு ஒரு கிலோ எடையாவது வேண்டும். குட்டிக்கு அது இல்லை. எட்டு வாரம் கடந்த குட்டிக்கும் ஏற்ற செலமெக்டினில், 2.5 கிலோ வரை எடைக்கான 15 மில்லிகிராம் குழாயைத் தேர்ந்தெடுத்தோம். அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து வேலை செய்வது; தெள்ளோடு காதுச் செள்ளையும் தீர்க்கும். சிட்டுவுக்கு அதே மருந்தின் 45 மில்லிகிராம் குழாய், ஆனால் நடுக்கம் முற்றாக நின்று இரண்டு வாரம் கழிந்த பிறகு. உண்ணியையும் தெள்ளையும் கொல்லும் ஃப்ளூரலானர் என்ற மருந்து பூனைக்கும் வருகிறது. எனினும் அது சேர்ந்த ஐசாக்சசோலின் வகை மருந்துகள் சில விலங்குகளில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. நரம்பு நச்சிலிருந்து இப்போதுதான் மீண்ட பூனைக்கு அதைக் கொடுக்க நான் துணியவில்லை.

ப்ளாக்கிக்கு வலிப்பு வரலாறு இல்லை. அதன் எடைக்குரிய 500 மில்லிகிராம் ஃப்ளூரலானர் சொட்டு மருந்தைக் கொடுத்தோம்; ஒரு முறை விட்டால் 12 வாரம் நிற்கும் என்பதால், மாதக் கணக்கு தவறும் வீட்டுக்கு அது பொருந்தும். பூனை அருகில் உறங்கினாலும் பெர்மெத்ரின் போன்ற அச்சம் இல்லை. எனினும் காயும் வரை பிரித்துத்தான் வைத்தோம். அதற்கும் ஒரு குறை உண்டு. அது உண்ணியை விரட்டுவதில்லை. உண்ணி கடித்து இரத்தம் உறிஞ்சத் தொடங்கிய பிறகே கொல்லும். உண்ணி கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே எர்லிகியா உடலில் புகத் தொடங்கலாம். ஆகவே நாயின் மேல் மருந்து இருப்பது மட்டும் போதாது. நாயை நோக்கி ஏறும் உண்ணிகளின் தொகையே குறைய வேண்டும். வீட்டைச் சீராக்குவது இரண்டாம் வேலை அன்று என்று நான் அழுத்திச் சொன்னது இதனால்தான்.

மருந்தை எப்படி விடுவது என்பதைக் கிளினிக்கிலேயே செய்து காட்டினோம். பூனைக்குத் தலை எலும்பின் அடியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரு பக்கமும் விலக்கித் தோல் வெள்ளையாகத் தெரிந்த பின் குழாயின் முனையைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும். நாய்க்குத் தோள்களுக்கு நடுவில். ஃப்ளூரலானர் விட்ட பிறகு மூன்று நாள் குளிப்பாட்டக் கூடாது. ஃபிப்ரோனில் போட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள். செலமெக்டின் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே சென்றுவிடும். மருந்துக்கு மருந்து இந்த இடைவெளி மாறுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. இவற்றில் பலவும் எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் கலந்தவை. மாலையில் விளக்கேற்றும் வீடு என்பதால், விளக்கு வேளைக்குப் பிறகு, சாமி மாடத்திலிருந்து தள்ளியே மருந்து விடச் சொன்னோம். வரவேற்பறையில் மீன் தொட்டியும் இருந்தது. பெர்மெத்ரினும் ஃபிப்ரோனிலும் மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்பதால் கையைக் கழுவாமல் தொட்டியைத் தொட வேண்டாம் என்றோம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் முயல் வளர்ப்பதாகச் சொன்னபோது, முயலுக்கு ஃபிப்ரோனில் ஒருபோதும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல நேர்ந்தது.

பாட்டியின் வேப்பிலை நீரை நான் தடுக்கவில்லை. அது தோலுக்கு இதமாக இருக்கலாம், உண்ணியைக் கொல்லப் போதாது. ஆனால் நாயின் சோற்றில் பூண்டு கலந்தால் உண்ணி ஏறாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்து வந்தார்கள். பூண்டு நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும் என்பதால் அதை அன்றே நிறுத்தச் சொன்னேன். மண்ணெண்ணெய்யைத் தோலில் தடவக் கூடாது, உண்ணியைத் தீயால் சுடக் கூடாது, விரலால் நசுக்கக் கூடாது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

வீட்டில் செய்தவை இவை. சாக்கு எரிக்கப்பட்டு, துவைக்கக்கூடிய துணி விரிப்பு வந்தது; அது வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கப்பட்டது. சோபாவின் அடியும் இடுக்குகளும் நாள்தோறும் வேக்குவம் செய்யப்பட்டன. அந்த அதிர்வு கூட்டுப்புழுக்களை வெளியே வரத் தூண்டும், வெளியே வந்தவை மருந்துள்ள விலங்கின் மேல் ஏறிச் சாகும். உள்ளறைகளில் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் தெளித்தோம். அஞ்சடிச் சுவரின் பிளவுகளை மகன் சிமெண்ட் வைத்து அடைத்தார். அதற்கு முன் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் இடுக்குகளுக்கு மட்டும் மருந்து செலுத்தினார்கள். அந்த மருந்தும் பெர்மெத்ரின் வகையாக இருக்கலாம் என்பதால், பூனைகள் இரண்டும் சுவர் நன்றாகக் காயும் வரை மாடி அறையிலேயே இருந்தன.

தொடர் கண்காணிப்பு

மூன்றாம் வாரத்தில் மருமகள் மறுபடி அழைத்தார். தெள்ளு இன்னும் துள்ளுகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்றார். இதை எதிர்பார்த்து முன்பே சொல்லியிருந்தும், கண்ணெதிரே பூச்சியைக் காணும்போது நம்பிக்கை தளர்வது இயல்பு. அவை பழைய கூட்டுகளிலிருந்து புதிதாக வந்தவை என்பதையும், விலங்கின் மேல் முட்டையிடும் அளவுக்கு அவை வாழ்வதில்லை என்பதையும் பஞ்சுச் சோதனையே காட்டியது. குட்டியை வாரிய சீப்பில் கருந்துகள்கள் இல்லை. நான்காம் வார முடிவில் ப்ளாக்கியின் தட்டணுக்கள் 230,000-ஐ எட்டின. குட்டியின் சிவப்பணு விகிதம் 29 சதவீதம், எடை 1.3 கிலோ. இரண்டாம் மாதத்தில் துள்ளும் பூச்சிகள் அருகின. மூன்றாம் மாத இறுதியில் நாயின் காதிலும் விரலிடுக்கிலும் ஒரு உண்ணிகூட இல்லை; அடுத்த 12 வாரத் தவணை அன்றே போடப்பட்டது.

எஞ்சியிருப்பது பக்கத்து வீட்டு நாய். அஞ்சடி பொதுவானது, சுவரும் பொதுவானது. அந்த நாயின் மேல் உண்ணி இருக்கும் வரை இந்த வீட்டின் சுவருக்கு அவை திரும்பி வரும். மகனே சென்று பேசி, அந்த வீட்டாரை நாயோடு கிளினிக்குக்கு அழைத்து வந்தார். அங்கே பூனை இல்லை. ஆனால் சிட்டு அடிக்கடி அஞ்சடி வழியே அங்கே போய்வருவதால், அந்த நாய்க்கும் பெர்மெத்ரின் எழுதாமல் ஃப்ளூரலானரே எழுதினோம். ப்ளாக்கியின் இரத்தத்தை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்பதாகவும், பூனைகள் இரண்டுக்கும் மாதத் தவணையை இடைவிடாமல் தொடர்வதாகவும் ஏற்பாடு.